அரசமரத்தின் அறிவியல் பெயர் 'ஃபைகஸ் ரிலிஜியோசஸ்' என்று இல்லாமல் ஏன் 'ரிலிஜியோசா' ஆனது?

கேட்டவர் தாவரவியல் மாணவராகத்தான் இருக்க வேண்டும்; செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போன ஆத்திரம் கேள்வியிலேயே தெரிகிறது.

லத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால், '-அஸ்' என்று ஆண்பால்போல் முடிந்தாலும்கூட. அறிவியல் பெயரின் முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் அடைமொழி; பேரினத்தின் பாலுக்கேற்ப அடைமொழியின் ஈறு திரியும். ஆகவே 'ஃபைகஸ் ரிலிஜியோசா', பட்டுப்புழு தின்னும் மல்பெரிக்கு 'மோரஸ் ஆல்பா'. சந்தனமும் மரம்தானே, அது ஏன் 'சாண்டலம் ஆல்பம்' என்று மடக்க வருபவர்களுக்கு: அந்தப் பேரினப் பெயர் நடுப்பால். நான் லத்தீன் பண்டிதர் அல்ல, பாடம் நடத்துகிறவள்; அந்த அளவுக்குத் தெரியும். இந்தப் பாலுக்கும் மரத்தின் ஆண், பெண் தன்மைக்கும் தொடர்பில்லை. 'பொராசஸ் ஃபிளாபெல்லிஃபர்' இலக்கணப்படி ஆண்பால். நுங்கு தருவதோ பெண்பனை.

அண்ணா நகரில் எங்கள் குடியிருப்பு மரங்களுக்குப் பெயர்ப்பலகை அடித்தார்கள். பூவரசில் 'தெஸ்பீசியா பாபுல்னியஸ்' என்று இருந்தது. சங்கச் செயலாளரிடம் 'பாபுல்னியா' என்று திருத்தச் சொன்னேன். அவர் ஓய்வுபெற்ற பொறியாளர், கைப்பேசியில் தேடி, "இந்த இரட்டைப்பெயர் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸே 1753இல் 'பாபுல்னியஸ்' என்றுதான் எழுதியிருக்கிறார். அவரைவிடவா உங்களுக்குத் தெரியும், மேடம்?" என்றார். "லின்னேயஸ் பூவரசைச் செம்பருத்தியோடு சேர்த்து 'ஹைபிஸ்கஸ்' என்றார் சார், அது ஆண்பால். பிறகு பெண்பால் பேரினமான தெஸ்பீசியாவுக்கு மாற்றினார்கள். கல்யாணமானதும் இனிஷியல் மாறுவதில்லையா?" என்றேன். அவர் அசையவில்லை. பன்னாட்டுத் தாவரப் பெயரிடல் விதித்தொகுப்பின் 23ஆம், 62ஆம் விதிகளை அச்செடுத்துக் கொடுத்த பிறகுதான் பெயின்டரை அழைத்தார். 'ஓர் எழுத்துக்கு இவ்வளவு சண்டையா' என்று சிலர் கேட்டார்கள். அவர்கள் வீட்டு மின்கட்டண ரசீதில் பெயர் ஓர் எழுத்து பிசகினால் சும்மா இருப்பார்களா?

இதையெல்லாம் கற்றுத்தரும் என்னைப் போன்ற கௌரவ விரிவுரையாளர்களுக்கு எங்கள் கல்லூரியில் மே மாதச் சம்பளமே கிடையாது. விடைத்தாள் திருத்த மட்டும் மே மாதத்திலும் கூப்பிடுவார்கள். கேட்டால், 'கௌரவம்' என்று பெயரிலேயே இருக்கிறதே என்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: எல்லா அடைமொழியும் திரியாது. மருதம் 'டெர்மினாலியா அர்ஜுனா', வில்வம் 'ஏகிளி மார்மெலோஸ்': இவற்றில் இரண்டாவது சொல் பெயர்ச்சொல், எந்தப் பேரினத்தில் வைத்தாலும் அப்படியே நிற்கும். நாவலின் 'சைசீஜியம் குமினி'யில் இருப்பது வேற்றுமை உருபேற்ற பெயர். பேரினம் நடுப்பால் என்று அதைத் தேர்வில் 'குமினியம்' ஆக்கிவிடாதீர்கள். அதற்கும் மதிப்பெண் போகும்.