சிறுநீரக நோயாளிகள் இளநீர் குடிக்கக் கூடாது என்கிறார்களே, ஏன்?

காரணம் பொட்டாசியம். தசைகளும் இதயமும் இயங்கத் தேவையான ஓர் உப்புச் சத்து அது. ஒரு டம்ளர் இளநீரில் சுமார் 400 முதல் 600 மில்லிகிராம் இருக்கும். நல்ல சிறுநீரகம் மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும், பழுதான சிறுநீரகத்தால் அது முடியாது. குளியலறைத் துவாரத்தில் முடி அடைத்துக்கொண்டால், ஊற்றுவது அதே வாளித் தண்ணீர்தான், ஆனால் கணுக்கால்வரை ஏறிவிடும் இல்லையா? அப்படி ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தாறுமாறாகும். பல சமயம் முன்னறிகுறிகூட இருக்காது. டயாலிசிஸ் செய்துகொள்பவரைப் பார்க்கப் போகிறவர்கள், 'இயற்கையானதுதானே' என்று இரண்டு காயைச் சீவி வாங்கிப் போவதுதான் எனக்குப் பயம்.

அதற்காக, இளநீர் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று அர்த்தமில்லை. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள் வெயிலுக்குத் தாராளமாக ஒன்று குடிக்கலாம்.