வாசகர் கேள்வி: மேடையில் அடுப்பெரிய வேண்டுமா?

கேள்வி: பிரிட்டிஷ் நாடகாசிரியர் ஆர்னால்ட் வெஸ்கரின் 'தி கிச்சன்' நாடகத்தை எங்கள் குழு எடுத்திருக்கிறது. ஓட்டல் சமையலறைதான் களம். யதார்த்த நாடகம் என்பதால் நிஜ அடுப்பும் உணவும் வைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உணவுப் பண்டம் எதுவும் மேடைக்கு வரக்கூடாது, பரிமாறும் பெண்கள் வெறும் தட்டுகளையே சுமக்க வேண்டும், சமையல் முழுக்க அபிநயம் என்று வெஸ்கர் பிரதியிலேயே சொல்லிவிட்டார். பேஸ்ட்ரி சமையல்காரராக வேலை பார்த்தவர் அவர். அவர் காட்ட நினைத்தது சாப்பாட்டை அல்ல, வேலையை. லண்டன் ராயல் கோர்ட் நாடக அரங்கில் 1959-இல் முதன்முதலாக ஒரு ஞாயிறு இரவு, அரங்க அமைப்பே இல்லாமல்தான் இது நடிக்கப்பட்டது.

யார் எதைச் சமைக்கிறார் என்பது பிரதியில் உண்டு: பீட்டருக்கு வேகவைத்த மீன், புதிதாகச் சேர்ந்த கெவினுக்குப் பொரித்த மீன். அந்தந்த நடிகர் அதை நிஜமாகவே சில முறை சமைக்கட்டும். பிறகு பொருளை எடுத்துவிட்டு, கையில் அதன் கனத்தை மட்டும் வைத்துச் செய்யட்டும். வழக்கமாகச் சறுக்கும் இடம், சட்டியைக் கீழே வைக்காமலேயே அடுத்த வேலைக்குக் கை போய்விடுவது. பார்ப்பவர் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார். மேசைகளாவது நிஜமாக இருந்தால் கையின் உயரம் மாறாது.

இருவர் பேசும்போது மற்றவர்கள் சிலையாக நின்றுவிடக் கூடாது; வேலை ஓசையின்றித் தொடர வேண்டும். மதிய நெரிசல் காட்சியைப் பாதி வேகத்தில் ஒத்திகை பாருங்கள். யார் எந்தப் பக்கம் திரும்புவது என்பது உடம்பில் பதிந்த பிறகே வேகம் கூட்டுங்கள். தொடக்கத்திலேயே எல்லோரும் கத்தினால் உச்சத்தில் கொடுக்கக் குரல் மிஞ்சாது. அடுப்புகளின் இரைச்சலும் அப்படித்தான்: காலையில் ஒவ்வொன்றாகப் பற்றவைக்கும்போது சிறிதாகத் தொடங்கி ஏற வேண்டும்.

இடைக்காட்சியை மட்டும் தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள். உங்கள் கனவு என்ன என்று பீட்டர் சக தொழிலாளிகளைக் கேட்பது அங்கேதான். அந்த அமைதி கிடைக்காவிட்டால், கடைசியில் அவன் கேஸ் குழாயை வெட்டுவது வெறும் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும்.

கேள்வி: வெஸ்கரின் முத்தொகுதியை எந்த வரிசையில் படிப்பது?

பதில்: 'சிக்கன் சூப் வித் பார்லி' (1958), 'ரூட்ஸ்' (1959), 'ஐ'ம் டாக்கிங் அபௌட் ஜெருசலேம்' (1960). மூன்றுமே இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரிலுள்ள பெல்கிரேட் அரங்கில் தொடங்கியவை. ஒன்றுதான் படிக்க நேரமிருக்கிறது என்றால் 'ரூட்ஸ்'. நார்ஃபோக் பண்ணைக் குடும்பத்துப் பெண் பீட்டி, காதலன் ரானி சொன்னதையே நாடகம் முழுக்க ஒப்பிக்கிறாள். அவன் மேடைக்கு வருவதே இல்லை. உறவை முறிக்கும் கடிதம்தான் வருகிறது. அதன்பிறகே அவள் தன் சொந்தச் சொற்களில் பேசத் தொடங்குகிறாள்.