மரபணுவுக்குக் கூட்டாளி யார்? வலைப்பின்னல் உயிரியல் கேள்வி பதில்

நிறைய கேள்விகள் வந்திருந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (பயோடெக் மூன்றாம் ஆண்டு மாணவர்): அக்கா, மனித மரபணுத் தொகுதியைத்தான் படித்து முடித்துவிட்டார்களே, அப்புறம் இந்த வலைப்பின்னல் எதற்கு?

எழுத்தைப் படிப்பது வேறு, வேலையைப் புரிந்துகொள்வது வேறு தம்பி. புரதம் செய்யும் மரபணுக்கள் நம்மிடம் சுமார் 20,000 இருக்கின்றன, அவற்றில் பலவற்றின் வேலை இன்னும் சரியாகத் தெரியாது. ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போகிறீர்கள், முன்பின் தெரியாத ஒருவர் எப்போது பார்த்தாலும் அடுப்புப் பக்கம், தலைமைச் சமையல்காரரோடுதான் நிற்கிறார் என்றால் யாரையும் கேட்காமலே சமையல் ஆள் என்று சொல்லிவிடுவோம் இல்லையா? அதே மாதிரிதான் இதுவும். ஒவ்வொரு புரதத்தையும், அதைச் செய்யும் மரபணுவின் பெயரில், ஒரு புள்ளியாக வைத்து, ஒன்றோடொன்று ஒட்டுகிறவற்றுக்கு நடுவே கோடு போட்டால் கிடைப்பதுதான் வலைப்பின்னல். வேலை தெரியாத புரதம் ஒன்று, டிஎன்ஏ பழுதுபார்க்கும் புரதங்களோடு ஒட்டிக்கொண்டே இருந்தால் ஆய்வகத்தில் முதலில் அந்த வேலையைத்தான் சோதிப்போம்.

கேள்வி: ஒட்டுகிறது என்று எப்படித் தெரியும்?

1989இல் ஃபீல்ட்ஸ், சாங் இருவரும் ஈஸ்ட்டை வைத்து ஒரு வழி கண்டார்கள். மரபணுவை இயக்கும் ஒரு புரதத்தை இரண்டு துண்டாக்கி, ஒரு துண்டை 'அ' புரதத்திலும் இன்னொன்றை 'ஆ' புரதத்திலும் கட்டிவிட வேண்டும். அவை இரண்டும் ஒட்டினால் துண்டுகளும் சேர்ந்து வேலை செய்யும், ஈஸ்ட் நீலமாகும். இந்த வழியை ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு விரித்து 2020இல் வெளியிட்ட மனித வரைபடத்தில் சுமார் 53,000 இணைப்புகள் உண்டு. அதுவும் முழுமையான வரைபடம் இல்லை.

கேள்வி (ஒரு தாய்மாமன்): என் அக்கா மகனுக்கு ஃபான்கோனி ரத்தசோகை. அதே நோயுள்ள இன்னொரு குழந்தைக்கு மரபணு வேறு என்கிறார்கள். நோய் ஒன்று, மரபணு வேறா?

குழந்தை நலமாக வேண்டும் ஐயா. இந்தத் துறைக்கு ஏன் வந்தேன் என்று யாராவது கேட்டால் நான் சொல்வதும் இந்த நோயைத்தான்.

1927இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஃபான்கோனி விவரித்த நோய் இது. எலும்பு மஜ்ஜை மெல்ல மெல்ல வற்றும், சில குழந்தைகளுக்குக் கட்டைவிரல் சரியாக உருவாகாது. இதுவரை 20க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இதற்குக் காரணமாகத் தெரிந்திருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது, வலையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே மூலையில் வந்து நிற்கும். டிஎன்ஏவின் இரு இழைகளும் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டால் பிரித்துச் சரிசெய்யும் அணி அது. சில புரதங்கள் ஒன்றுகூடி டி2 என்ற புரதத்தின் மேல் ஒரு சிறு அடையாளம் வைக்கின்றன, அதைப் பார்த்துத்தான் வெட்டுகிறவை, தைக்கிறவை எல்லாம் வருகின்றன. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் விளைவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ரத்த அணுக்களில், டிஎன்ஏ இழைகளை அப்படி ஒட்டவைக்கும் மைட்டோமைசின் என்ற மருந்தை விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குரோமோசோம்கள் உடைந்து, தப்பான ஜோடியோடு ஒட்டி, நாலு கை விரித்த மாதிரி கிடக்கும். எந்த மரபணு என்றே தெரியாமல் நோயை உறுதிசெய்யும் சோதனையும் அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோயில் பேசப்படும் பிஆர்சிஏ2 மரபணுவும் இதே அணிதான் என்று 2002இல் தெரிந்தது. அதன் ஒரு பிரதி கெட்டால் புற்றுநோய் அபாயம், இரண்டும் கெட்டால் ஃபான்கோனி. அதனால் குழந்தையின் அறிக்கையில் எந்த மரபணு என்று எழுதியிருக்கிறது பாருங்கள். பிஆர்சிஏ2 என்றால் பெற்றோரும் மரபணு ஆலோசகரைப் பார்த்தே ஆக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: நிறைய கோடுகள் உள்ள மரபணுதானே முக்கியமானது?

ஈஸ்ட்டில் அப்படித்தான் தெரிந்தது. அதிக இணைப்புள்ள புரதத்தை நீக்கினால் செல் சாகும் வாய்ப்பு அதிகம் என்று 2001இல் காட்டினார்கள். ஆனால் 2007இல் மனித நோய்களை வலையாக்கிப் பார்த்தபோது பெரும்பாலான நோய் மரபணுக்கள் அப்படி நடுவில் இல்லை, ஓரத்தில்தான் இருந்தன. நடுவில் இருப்பது கெட்டால் கருவே தங்காது என்று காரணம் சொன்னார்கள், எனக்கும் அது சரியாகவே படுகிறது. அப்புறம், கல்யாண ஆல்பத்தில் மணப்பெண் எல்லாப் படத்திலும் இருப்பாள், ஏனென்றால் கேமரா அவளைத்தான் பார்த்தது. புற்றுநோயைத் தடுக்கும் பி53 என்ற புரதத்துக்கு இவ்வளவு கோடுகள் இருப்பதில், அதை 1979 முதல் எல்லோரும் ஆராய்கிறார்கள் என்பதற்கும் பங்குண்டு.

கேள்வி: இதனால் மருந்து ஏதாவது வந்திருக்கிறதா?

பாரிசிட்டினிப். முடக்குவாத மருந்து. மருந்து, புரதம், நோய் இணைப்புகளைக் கணினியில் அலசி, கொரோனாவுக்கு உதவலாம் என்று 2020 பிப்ரவரியிலேயே லண்டன் நிறுவனம் ஒன்று சொன்னது. 2022 மே மாதம் அமெரிக்காவில் முழு ஒப்புதல். நடுவில் நடந்த நோயாளி ஆய்வுகள்தான் அதை மருந்தாக்கின, வலை வழியைத்தான் காட்டியது.

கேள்வி: நான் எங்கே தொடங்கலாம்?

புரத இணைப்புகளைக் காட்டும் ஸ்ட்ரிங் (STRING) என்ற இணையதளத்தில் உங்கள் மரபணுவின் பெயரைப் போடுங்கள், பெரிய வலை என்றால் வலைகளை வரைந்து அலசும் சைட்டோஸ்கேப் (Cytoscape) என்ற மென்பொருள். இரண்டும் இலவசம். ஒவ்வொரு கோட்டையும் சொடுக்கி ஆதாரம் என்ன என்று பாருங்கள். ஒரே கட்டுரையில் இரண்டு பெயரும் வந்ததற்காகவும் ஸ்ட்ரிங் கோடு போடும். அமைப்பில் அந்த ஒன்றை அணைத்துவிட்டு, சோதனை ஆதாரத்தை மட்டும் வைத்துப் பாருங்கள். பாதி வலை காணாமல் போனாலும் பயப்படாதீர்கள், மிச்சம் இருப்பதிலிருந்து தொடங்குங்கள்.