பழைய வண்டி டேங்குக்கு எந்த பெயிண்ட் நிற்கும்?

பழைய கார், பைக் பாகங்களுக்குப் பெட்ரோல் தாங்கும் பெயிண்ட் எது என்று திருநெல்வேலிப் பக்கத்து நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

பாளையங்கோட்டை, பழைய புல்லட்: அண்ணாச்சி, போன வருஷம் டேங்குக்குக் கறுப்பு அடித்தேன். பளபளவென்று இருந்தது. இப்போது மூடியைச் சுற்றிச் சுருங்கி, விரலால் தேய்த்தாலே பிசுபிசுவென்று வருகிறது. பெட்ரோல் தாங்கும் என்று கடையில் சொல்லித்தான் வாங்கினேன்.

பதில்: தம்பி, அடித்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஹார்ட்னர் (பெயிண்டை இறுக வைக்கும் தனித் திரவம்) கலந்தாரா? வெறும் தின்னர் ஊற்றி அடித்திருந்தால் காரணம் அதுதான். நாம் டூகோ என்று சொல்லும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட், தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கிறது. எத்தனை வருஷம் ஆனாலும் தின்னர் பட்டால் திரும்பக் கரையும். பெட்ரோலுக்கு அவ்வளவு வீரியம் இல்லை. ஆனால் தினமும் சொட்டிக்கொண்டே இருந்தால் இளக்கிவிடும். இப்போது பம்பில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதால் இந்த வேலை இன்னும் சீக்கிரம் நடக்கிறது. சிந்தடிக் எனாமல் இதைவிடக் கொஞ்சம் தேவலை, ஆனால் பெட்ரோல் தேங்கினால் அதுவும் தூக்கிவிடும். டப்பா ஸ்பிரே பெரும்பாலும் டூகோ ரகம்தான்.

டேங்குக்கு டூ-கே பி.யு., அதாவது ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்ட்தான் சரி. அதில் பெயிண்டும் ஹார்ட்னரும் ரசாயனமாகப் பிணைந்து இறுகுகின்றன. இறுகிய பிறகு அதைப் பெட்ரோலால் கரைக்க முடியாது. அடியில் எபாக்சி பிரைமர், அப்புறம் கலர், மேலே டூ-கே கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு). மெட்டாலிக் கலர் என்றால் அந்தக் கலருக்கென்று தாங்கும் சக்தி கிடையாது. மேலே இருக்கும் கிளியர்தான் காப்பாற்ற வேண்டும்.

நல்ல பெயிண்டையே அடித்தாலும் மூடி விளிம்பில் கோட்டை விடுகிறவர்கள் நிறையப் பேர். மூடியைக் கழற்றாமல் வாயைச் சுற்றி டேப் ஒட்டி அடிப்பார்கள். டேப்பை உரித்ததும் பெயிண்டின் வெட்டு முனை அப்படியே திறந்து நிற்கும். இறுகிய டூ-கேயைப் பெட்ரோல் மேலிருந்து தின்பதில்லை, இந்த முனை வழியாக அடியில் நுழைந்து தூக்குகிறது. அதனால் மூடியைக் கழற்றி, பஞ்சு உதிராத துணியை அடைத்து, வாயின் உள் மடிப்பு வரை கிளியர் இறங்கும்படி அடிக்கச் சொல்லுங்கள். வாயைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்குப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வேண்டவே வேண்டாம், பட்டி பெட்ரோலை உறிஞ்சும். பள்ளம் இருந்தால் டிங்கரிடம் கொடுத்துத் தகட்டையே நேராக்குங்கள். மூடியின் ரப்பர் வாஷரையும் புதிதாக மாற்றிவிடுங்கள்.

பேட்டை, ராஜ்தூத்: பழைய பெயிண்ட் நன்றாகத்தான் இருக்கிறது. அதன் மேலேயே டூ-கே அடிக்கலாமா?

பதில்: வெள்ளைத் துணியில் என்.சி. தின்னர் நனைத்து ஒரு மூலையில் அரை நிமிஷம் அழுத்தித் தேயுங்கள். துணியில் கலர் இறங்கினால் அது டூகோ, தகடு வரை உரித்தே ஆக வேண்டும். இறங்காவிட்டால் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டுவிட்டு அடிக்கலாம்.

அம்பாசமுத்திரம், அம்பாசடர்: இன்ஜின் முழுக்க இறக்கியிருக்கிறோம். பிளாக், பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர், மேனிஃபோல்டு (இன்ஜின் புகை வெளியேறும் குழாய்) எல்லாவற்றுக்கும் ஒரே பெயிண்ட் போதும், கார்புரேட்டருக்குச் சில்வர் அடித்தால் எடுப்பாக இருக்கும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: கார்புரேட்டருக்கு எந்தப் பெயிண்டும் வேண்டாம். அதில் காற்று போகும் சின்னச் சின்னத் துவாரங்கள் இருக்கின்றன, ஒன்று அடைத்தால் வண்டி ஓட்டமே கெட்டுவிடும். பெட்ரோல் பம்பிலும் அடியில் ஒரு துளை உண்டு. உள்ளே டயாஃபிரம் (பெட்ரோலைத் தள்ளும் மெல்லிய சவ்வு) கிழிந்தால் அந்தத் துளை வழியாகக் கசிந்துதான் நமக்குத் தெரியவரும். அதைப் பெயிண்டால் மூடினால் கசிவு கண்ணில் படாமல் போய்விடும், சூடான இன்ஜின் பக்கத்தில் அது ஆபத்து. இரண்டையும் நன்றாகக் கழுவி, அலுமினியம் தெரிய அப்படியே விடுங்கள், அதுதான் அழகும்கூட.

பிளாக்குக்கு டூ-கே எனாமல் தாராளமாகப் போதும், அதன் வெளிப்புறச் சூடு 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வார்ப்பிரும்பில் ஊறிய எண்ணெயை எடுப்பதுதான் அங்கே பெரிய வேலை. மேனிஃபோல்டுக்கு 600 டிகிரி தாங்கும் சிலிக்கோன் பெயிண்ட். அது சூட்டில் வெந்தால்தான் இறுகும். அடித்த கையோடு பெட்ரோல் துணியால் துடைத்தால் வழித்துக்கொண்டு வந்துவிடும். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி ஓடவிட்டுப் படிப்படியாகச் சூடேற்றுங்கள்.

உங்கள் பானெட், கதவுக்கு டூகோவின் பழைய மினுமினுப்பு வேண்டும் என்றால் தாராளமாக அடியுங்கள், அந்த இடங்களில் பெட்ரோல் படாது. பெட்ரோல் ஊற்றும் வாயும் அதற்குக் கீழே உள்ள தகடும் மட்டும் டூ-கே ஆகட்டும்.

வள்ளியூர், ஜாவா: டேங்குக்குப் பவுடர் கோட்டிங் கொடுக்கலாமா அண்ணாச்சி?

பதில்: பெட்ரோலை நன்றாகத் தாங்கும். ஆனால் பவுடரைத் தூவி அடுப்பில் 180 முதல் 200 டிகிரியில் வேக வைப்பார்கள். ஈயப் பற்று சுமார் 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். பழைய டேங்கில் எங்கேயாவது ஈயம் வைத்து அடைத்திருந்தால் அந்த ஓட்டை மறுபடி திறந்துகொள்ளும். பட்டியும் அந்தச் சூட்டுக்கு நிற்காது. பிரேம், ஸ்டாண்டு, பிராக்கெட்டுக்குக் கொடுங்கள். பழைய டேங்கை அடுப்பில் வைக்க எனக்கு மனசு வராது.

கல்லிடைக்குறிச்சி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு: அப்பாவின் காரை மறுபடி ஓட்ட ஆசை. டேங்குக்குள் துரு. உள்ளேயும் பெயிண்ட் ஊற்றிக் குலுக்கலாம் என்கிறார்கள்.

பதில்: வேண்டாம் தங்கச்சி. வெளியே அடிக்கும் எந்தப் பெயிண்டும் எப்போதும் பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதற்கு ஆனது இல்லை. உரிந்து வந்து பெட்ரோல் குழாயை அடைக்கும். சிட்ரிக் ஆசிட் கரைசலை ஊற்றி வைத்துத் துருவை எடுங்கள், சோடா உப்புத் தண்ணீரில் அலசுங்கள், உடனே காயவையுங்கள். தகடு கெட்டியாக இருந்தால் இதுவே போதும். ஊசி ஓட்டைகள் இருந்தால் மட்டும் டேங்க் உள்பூச்சுக்கென்றே விற்கும் எபாக்சியை ஊற்றுங்கள், எத்தனால் தாங்கும் என்று அதன் விவரத் தாளில் எழுதியிருக்க வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: காலி டேங்க்தானே என்று வெல்டிங் பட்டறைக்குக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே நிற்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும்.

ராதாபுரம், பழைய ஜீப்: வீட்டிலேயே டூ-கே அடிக்கப் பார்க்கிறேன். எந்த மாதம் நல்லது?

பதில்: உங்கள் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் காற்றாலை சுற்றும்போது ஈரப் பெயிண்டில் மண்தான் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஹார்ட்னர் ஈரத்தோடு சேர்ந்தால் வாயு கிளம்பிக் கொப்புளம் வரும். மாசி, பங்குனியில் காலை ஒன்பது மணிக்கு மேல் அடியுங்கள். சித்திரை வெயில் என்றால் மெதுவாகக் காயும் தின்னர் வாங்குங்கள்.

மாதத்தைவிட முக்கியம் உங்கள் மூச்சு. ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட் என்ற ரசாயனம். பட்டறைகளில் பையன்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இதை அடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு பகீர் என்கிறது. ஒரு தடவை ஒவ்வாமை பிடித்துவிட்டால், அப்புறம் துளி பட்டாலும் மூச்சிரைப்பு வரும். துண்டும் தூசி மாஸ்க்கும் இதைத் தடுக்காது. வெளிக்காற்று தரும் மாஸ்க்தான் முறை, குறைந்தபட்சம் ரசாயன ஆவிக்கான வடிகட்டி உள்ள மாஸ்க்காவது புதிதாக வாங்குங்கள். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டையும் வேண்டும். அது முடியாது என்றால் பூத் (பெயிண்ட் அடிக்கும் தனி அறை) உள்ள பெயிண்ட் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

மேலப்பாளையம், லாம்ப்ரெட்டா: டூ-கே அடித்து மூன்று நாள் ஆகிறது, தொட்டால் கல் மாதிரி இருக்கிறது. பெட்ரோல் ஊற்றலாமா?

பதில்: பொறுங்கள். மேலே காய்ந்தாலும் உள்ளே முழுசாக இறுகக் குறைந்தது ஒரு வாரம் ஆகும். டேங்க் என்றால் நான் இரண்டு வாரம் விடச் சொல்வேன். அதே கலவையில் ஒரு துண்டுத் தகட்டுக்கும் அடித்து வைத்திருந்தால், பெட்ரோல் நனைத்த பஞ்சை அதன் மேல் பத்து நிமிஷம் வைத்துப் பாருங்கள். நகத்தால் அழுத்தித் தடம் விழவில்லை என்றால் ஊற்றுங்கள்.