கண்மாய்ச் சேற்றில் சிக்கிய வண்டி: கேள்வி பதில்

தேவகோட்டை வாசகர்: அண்ணே, ஐப்பசி மழைக்குப் பிறகு கண்மாய் உள்வாயில் மஹிந்திரா தார் ஜீப் இறங்கிருச்சு. நாலு வீலும் சுத்துது, நகர மாட்டேங்குது. முதல்ல என்ன செய்ய?

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். நகராத வண்டியில் சக்கரம் சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும். அடிவயிறு சேற்றில் உட்கார்ந்துவிட்டால் சக்கரத்தின் மேல் பாரமே நிற்காது. அப்புறம் எந்த டயர் இருந்தும் பிடிக்காது.

இறங்கிக் குனிந்து பாருங்கள். டிஃபரன்ஷியல் கூடு (ஆக்சில் நடுவில் தொங்கும் பல்சக்கரக் கூடு) சேற்றில் புதைந்திருந்தால் மம்பட்டி வேலைதான். கூட்டைச் சுற்றித் தோண்டிக் காற்று புகவிடுங்கள், சேறு உறிஞ்சிப் பிடிப்பது தளரும். வந்த தடத்தில் பின்னால் எடுப்பதே நல்லது. அந்தத் தரை தாங்கியது ஏற்கெனவே தெரியும். நாலு சக்கரத்துக்கும் பின்னால் சாய்வாக வெட்டி, பனை மட்டையோ தென்னை மட்டையோ சாக்கோ டயருக்கு அடியில் நன்றாகச் செருகுங்கள். சீமைக் கருவேலங் கிளையை மட்டும் போடாதீர்கள், முள் டயரைப் பதம் பார்க்கும். ஸ்டியரிங் நேராக, 4எல் (நாலு சக்கரமும் இழுக்கும் தாழ் கியர்), ரிவர்ஸ், மெதுவாக. மட்டை முன்பக்கம் பறக்கும், ஆட்கள் ஒதுங்கி நிற்கட்டும்.

பள்ளத்தூர் வாசகர்: டிராக்டர் வச்சு இழுக்கலாமா?

இழுக்கலாம். சங்கிலி இறுகிய பிறகு நிதானமாக. குலுக்கி இழுக்கக் கூடாது. கொக்கியைச் சேசிஸில் உள்ள இழுவளையத்தில் மாட்டுங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மாட்டாதீர்கள். உடைந்தால் குண்டு மாதிரி பறந்து வரும், உயிர் போகும்.

கோட்டையூர் வாசகர்: டயர்ல காத்தை இறக்கணுமா?

30 இருந்தால் 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். 15க்குக் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். வெளியே வந்ததும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

காரைக்குடி வாசகர்: தப்பு அண்ணே. சேத்துல ஒல்லி டயர், முழு காத்து. கீழே கெட்டித் தரை வரை அறுத்துக்கிட்டு இறங்கும்.

கோட்டையூர் வாசகர்: கண்மாய்க்குள்ள ஏதுங்க கெட்டித் தரை? களிதான்!

இரண்டு பேர் சொல்வதும் சரி, இடம்தான் வேறு. செம்புறாங்கல் சரளைத் தடத்தில் மேலே ஒரு சாண் சகதி, அடியில் பாறை மாதிரித் தரை. அங்கே காரைக்குடிக்காரர் சொல்வது எடுபடும். கண்மாய் நடுவில் வண்டல் களி, அறுக்க அறுக்க இறங்கிக்கொண்டே போகும். அங்கே டயர் அகன்று மேலேயே மிதக்கத்தான் வேண்டும், காற்றை இறக்குங்கள். இறங்குமுன் கடப்பாரையைக் குத்துங்கள். ஒரு சாணில் 'டக்'கென்று நின்றால் முதல் வழி, அரை முழம் தாண்டியும் இறங்கினால் இரண்டாவது வழி. ஒரு முழம் சும்மாவே போனால் வண்டியைத் திருப்புங்கள்.

காரைக்குடி வாசகர்: நெல் வயல்ல டிராக்டருக்குக் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போடுறாங்களே, அது அறுக்கத்தானே?

அது மிதக்கவும் பிடிக்கவும் போடுவது. அகலத்தைப் பாருங்கள், உங்கள் கட்சிக்கு எதிர்ச் சாட்சி அது. போதும், அடுத்தவர்.

கானாடுகாத்தான் வாசகர்: வின்ச் (வண்டியில கயிறு சுத்தி இழுக்குற மெஷின்) கயித்தை ஊருணிக் கல்தூண்ல கட்டலாமா?

கூடாது. கல் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டு இழுப்பில் ஒடியும். ஊரும் சும்மா விடாது. முற்றிய பனையில் அகலப் பட்டையை அடிமரத்தோடு ஒட்டிக் கட்டுங்கள். மரமே இல்லையென்றால் ஸ்டெப்னியை மூன்றடி ஆழத்தில் நிறுத்திப் புதைத்து அதில் கட்டலாம். வின்ச்சின் திறன் சுமையோடு சேர்ந்த வண்டி எடையில் ஒன்றரை மடங்காவது வேண்டும்: 2 டன்னுக்கு 3 டன். கப்பி ஒன்று போட்டுக் கயிற்றைத் திருப்பி வண்டியிலேயே மாட்டினால் இழுவை ஏறத்தாழ இரட்டிக்கும், வேகம் பாதியாகும். கயிற்றின் நடுவில் நனைத்த சாக்கைப் போடுங்கள், அறுந்தால் துள்ளல் குறையும். உருண்டையில் மாட்டாதீர்கள், இங்கும்தான்.

புதுவயல் வாசகர்: இன்சூரன்ஸ் கிடைக்குமா?

ஏஜென்டைக் கேளுங்கள்.

திருப்பத்தூர் வாசகர்: டிராக்டர் வச்சு இழுக்கலாமா அண்ணே?

பள்ளத்தூர்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கண்டனூர் வாசகர்: வெளிய எடுத்தாச்சு. 60 போனா ஸ்டியரிங் ஆடுது.

ரிம்முக்குள் சேறு ஒரு பக்கமாகக் காய்ந்திருக்கிறது, உள்பக்கம் தண்ணீர் பீய்ச்சுங்கள். ரேடியேட்டரையும் கழுவுங்கள். ஆக்சில் தண்ணீரில் மூழ்கியிருந்தால் டிஃபரன்ஷியல் ஆயிலையும் பாருங்கள்: சூடான கூடு குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

சாக்கோட்டை வாசகர்: அண்ணே, டிராக்டர்...

உருண்டையில் மாட்டாதீர்கள்.