கிளாடிங்கை அகற்ற யார் பணம் கட்டுவது? வாசகர் கேள்வி-பதில்

2017-ல் லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் கட்டடம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். அதன் பிறகும் எரியக்கூடிய கிளாடிங் (கட்டடத்தின் வெளிச்சுவரில் பொருத்தும் மேலுறை) ஒட்டிய சுவருக்குள் பலர் குடியிருக்கிறார்கள். கீழே உள்ள பதில்கள் இங்கிலாந்துக்கு மட்டும்தான். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு.

கேள்வி: கிழக்கு லண்டனில் ஏழு மாடிக் கட்டடம். 2016-ல் வாங்கி இன்றுவரை அதில்தான் குடியிருக்கிறோம். கிளாடிங் மாற்ற 24,000 பவுண்ட் கேட்டு மேனேஜிங் ஏஜென்ட் பில் அனுப்பியிருக்கிறார். கட்டிவிட்டு அப்புறம் பேசலாமா?

கட்டாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் உங்களைப் போன்றவர்களுக்காகவே வந்தது. குறைந்தது 11 மீட்டர் உயரமோ ஐந்து மாடியோ உள்ள கட்டடத்தில், 2022 பிப்ரவரி 14 அன்று அந்த வீடு உங்கள் முக்கியக் குடியிருப்பாக இருந்திருந்தால், ஆபத்தான கிளாடிங்கை அகற்ற உங்களிடம் ஒரு பென்னிகூடக் கேட்க முடியாது. வீட்டு மதிப்பு எவ்வளவு என்பது இதில் பொருட்டே இல்லை. (கட்டடத்தின் ஃப்ரீஹோல்டை, அதாவது நிலத்தோடு சேர்ந்த முழு உரிமையை, குடியிருப்பவர்களே சேர்ந்து வாங்கிவைத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது; அரசு நிதிக்கு விண்ணப்பிப்பதுதான் வழி.)

அதற்காகச் சும்மா இருந்துவிடவும் கூடாது. உங்களைப் போல நீண்டகாலக் குத்தகையில் (லீஸ்) வீட்டை வைத்திருப்பவர்தான் லீஸ்ஹோல்டர். உங்கள் தகுதியை உறுதிசெய்யும் 'லீஸ்ஹோல்டர் டீட் ஆஃப் சர்டிஃபிகேட்' என்ற படிவத்தைச் சாட்சியோடு கையெழுத்திட்டு ஃப்ரீஹோல்டருக்கு (கட்டடத்தின் சொந்தக்காரருக்கு) அனுப்புங்கள். ஃப்ரீஹோல்டர் கேட்டும் நீங்கள் தராவிட்டால், உங்களைத் தகுதியில்லாதவராக நடத்த அவருக்கு இடம் கிடைத்துவிடும். அவருடைய சர்டிஃபிகேட்டையும் கேட்டு வாங்குங்கள்.

பில்லை வரிவரியாகப் படியுங்கள். 'தொழில்முறைக் கட்டணம்' என்ற வரியில் வக்கீல் செலவு ஒளிந்திருக்கலாம். இந்தக் குறைபாட்டுக்கு யார் பொறுப்பு என்று அவர்கள் வழக்காடும் செலவையும் உங்கள் தலையில் கட்ட முடியாது. இப்படி வரும் பில்லைப் பயந்துபோய்க் கட்டிவிடும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கேள்வி: நான் 2023-ல்தான் வாங்கினேன். எனக்கு வேறு நான்கு வீடுகள் உண்டு. பாதுகாப்பு கிடைக்குமா?

கிடைக்கலாம். 2022 பிப்ரவரி 14 அன்று சொந்தக்காரராக இருந்தவரின் நிலைதான் கணக்கு. அவர் அங்கேயே குடியிருந்திருந்தாலோ, பிரிட்டனில் அவருக்கு மொத்தம் மூன்று வீடுகளுக்கு மேல் இல்லாமல் இருந்தாலோ, அந்தத் தகுதி லீஸோடு உங்களிடம் வந்துவிடும். அவர் கையெழுத்திட்ட சர்டிஃபிகேட், வீடு வாங்கும்போது வேலை பார்த்த சொலிசிட்டரின் (வக்கீலின்) ஃபைலில் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.

கேள்வி: கிளாடிங் சரி. தீத்தடுப்புக் கதவுக்கும், தீப்பிடிக்கிறதா என்று சுற்றிப் பார்க்கும் இரவுக் காவலுக்கும் பணம் கேட்கிறார்களே?

அதற்கு உச்சவரம்பு உண்டு: லண்டனில் 15,000 பவுண்ட், வெளியே 10,000, பத்து ஆண்டுகளில் பிரித்துத்தான் வாங்கலாம். பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள வீட்டுக்கு வரம்பு கூடும். லண்டனில் 3,25,000 பவுண்டுக்கும், வெளியே 1,75,000-க்கும் குறைந்த மதிப்புள்ள வீட்டுக்கு எதுவும் கட்ட வேண்டியதில்லை. கட்டடத்தைக் கட்டியவரே ஃப்ரீஹோல்டர் என்றாலும் அப்படித்தான். 2017 ஜூன் 28-க்குப் பிறகு இதற்காக ஏற்கெனவே கட்டிய தொகையும் வரம்பில் கழியும். பழைய ரசீதுகளைத் தேடி எடுங்கள்.

கேள்வி: எங்கள் கட்டடம் மூன்று மாடிதான், 9 மீட்டர்.

இந்தச் சட்டத்தின் லீஸ்ஹோல்டர் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். தீ உயரம் பார்த்துப் பற்றுவதில்லை. ஆனால் கட்டியவர்மீது வழக்குப் போட உயர வரம்பு கிடையாது. 2022 ஜூன் 28-க்கு முன் முடிந்த வீடுகளுக்கு, 1972-ஆம் ஆண்டின் குறைபாடுள்ள வீடுகள் சட்டப்படி 30 ஆண்டு அவகாசம் உண்டு. அதோடு, கேட்கும் தொகை நியாயமானதா என்று தீர்ப்பாயத்தில் கேள்வி எழுப்பலாம்.