கடைசிப் பாய் வரைக்கும்

அன்புள்ள ஐயா,

மதுரையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நடிப்பு கற்றுக்கொள்ளப் போவேன். எங்கள் ஆசிரியர் போன மாதம் இறந்துவிட்டார். நினைவுக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், ஒரு வார்த்தை வரவில்லை. ஒரு ஆசிரியரைப் பற்றி என்னதான் சொல்வது?

அவர் அடிக்கடி சங்கரதாஸ் சுவாமிகள் பெயரைச் சொல்வார். தேடினேன். நாற்பது நாடகம் வரை எழுதினார், நாடகத் தலைமையாசிரியர் என்பதற்கு மேல் மனதில் ஒட்டவில்லை. அவர் எழுதிய வள்ளி திருமணம் நாடகத்தின் வீடியோவும் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எல்லோரும் கத்துகிறார்கள். இதில் நடிப்பு எங்கே இருக்கிறது? நடிப்புக்கு நல்ல புத்தகம் எது? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கலாமா?

எஸ்., திருமங்கலம்

அன்புள்ள எஸ்.,

கூட்டத்தில் பேச்சு வராமல் நின்றதற்காக வருத்தப்படாதீர்கள். நன்றாகப் பேசிவிட்டு இறங்கியவர்களை விட நீங்கள் அவருக்கு அதிகம் செய்திருக்கிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. வேலையை இப்போது விட வேண்டாம். புத்தகம் என்றால் சுவாமிகளிடம் பாடம் கேட்ட நடிகர் அவ்வை தி. க. சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை'யை முதலில் படியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

நவம்பர் பிறந்தால் எனக்குச் சுவாமிகள் ஞாபகம் வந்துவிடும். 1922 நவம்பர் 13 அவர் புதுச்சேரியில் இறந்த நாள். இந்த வருஷமும் அவரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது, அதில் 'கத்துகிறார்கள்' என்ற வார்த்தையும் இருந்தது. அந்த வார்த்தையை என்னால் விட முடியாது.

சுவாமிகளும் உங்களைப் போலக் கணக்கு எழுதியவர்தான். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கொஞ்ச காலம் கணக்கராக இருந்துவிட்டு, இருபத்து நான்கு வயதில் நாடகத்துக்கு வந்தார். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையோடு இருந்து தாளமும் சந்தமும் பழகினார். இதெல்லாம் நீங்கள் தேடியபோது கண்ணில் பட்டிருக்கும், பெயர்களாக மட்டும் பட்டிருக்கும்.

ஆரம்பத்தில் அவர் நடிகர். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் என்று ஆளை உலுக்குகிற வேஷங்களாகவே கட்டினார். அவரைப் பற்றி இரண்டு சம்பவங்கள் சொல்வார்கள். அவர் எமனாக வந்து நின்றதைப் பார்த்த அதிர்ச்சியில் ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டது. இன்னொரு முறை, சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்த்துறைக்குப் போனவரைப் பார்த்து, துணி வெளுக்க வந்த ஒரு பெண் பயந்து உயிரையே விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவர் வேஷம் கட்டுவதை நிறுத்திவிட்டு, எழுதுவதும் சொல்லிக்கொடுப்பதுமே வேலை என்று இருந்துவிட்டார்.

மேடைகளில் இதைப் பெருமையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. தன் தொழிலின் உச்சத்தில் இருக்கும் ஒரு மனிதர், தன் திறமையைக் கண்டே பயந்து அரிதாரத்தைக் கீழே வைக்கிறார். இதில் கைதட்ட என்ன இருக்கிறது? தன் தொண்டையில் இருந்ததை இனி யாரிடம் கொடுப்பது என்று அந்த ராத்திரிகளில் அவர் எப்படித் தவித்திருப்பார்!

பிள்ளைகளிடம் கொடுத்தார். பெரிய நடிகர்கள் பாடம் படிக்காமல் வருவதும், குடித்துவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசுவதும் அன்றைக்கு இருந்த பெரிய தலைவலி. சிறுவர்களை வைத்து சபா, அதாவது நாடகக் குழு, நடத்தினால்தான் நாடகம் ஒழுங்குக்கு வரும் என்று நினைத்தார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபா, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா. ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம், கட்டும் நடிகரான கண்ணுசாமிப் பிள்ளையின் மகன்கள் மீனலோசனி சபாவில் வந்து சேர்ந்தபோது, அவர்களில் ஒருவரான சண்முகத்துக்கு வயது ஆறு.

ஆறு வயதுப் பிள்ளைக்கு நூறு பாட்டும் வசனமும் எப்படி ஏறும்? காதால்தான் ஏறும். வாத்தியார் சொல்வார், பிள்ளை திருப்பிச் சொல்லும். எந்தச் சொல்லில் மூச்சு வாங்க வேண்டும், எந்தச் சீரில் தாளம் விழ வேண்டும் என்பது எழுத்திலேயே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை தடுமாறிவிடும். அபிமன்யு சுந்தரி நாடகத்தை சுவாமிகள் ஒரே இரவில் உட்கார்ந்து எழுதி முடித்ததைச் சண்முகம் பதிவு செய்திருக்கிறார். அதில் அபிமன்யு வேஷம் சண்முகத்துக்கு. யாருடைய வாய் அதைச் சொல்லப் போகிறது என்று தெரிந்து எழுதினார். நாற்பது நாடகம் என்று எண்ணிக்கை சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அவர் தாளில் எழுதியதே பாடம் நடத்துவதுதான்.

சரி, கத்தலுக்கு வருகிறேன்.

அன்றைக்கு மைக் கிடையாது. காஸ் லைட் வெளிச்சம், கொட்டகை நிறையச் சனம், அழுகிற குழந்தைகள். மேடையிலிருந்து கடைசியில் பாய் விரித்துப் படுத்திருக்கிறவர் வரைக்கும் சொல் போக வேண்டும். முழு வாக்கியம் போக வேண்டும், கடைசி எழுத்து உதிராமல் போக வேண்டும். கத்தினால் போகாது. தொண்டையை இறுக்கிக் கத்தினால் நாலாவது வரிசையிலேயே சத்தம் சிதறி, வார்த்தை போய் இரைச்சல்தான் மிஞ்சும். அதோடு ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிகிற வரை ஆட வேண்டும். கத்துகிறவன் பன்னிரண்டு மணிக்கே படுத்துவிடுவான். நீங்கள் கத்தல் என்று தள்ளிவிட்டீர்களே, அது அடிவயிற்றிலிருந்து எழுப்பி, சுருதியில் நிறுத்தி, எதுகையில் ஏற்றி அனுப்புகிற குரல். வருஷக்கணக்கில் உழைத்தால்தான் வரும். வயதுக்கு வரும்போது மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் வேஷம் போய், மூலையில் உட்கார்ந்து அழுத பிள்ளைகளுக்குத்தான் அதன் விலை தெரியும்.

வள்ளி யார்? தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளி விரட்டுகிறவள். அவள் எப்படிப் பேச வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள்? கேமராவுக்கு ஒரு முழ தூரத்தில் முனகுவதுதான் நடிப்பு என்று யார் உங்களுக்குச் சொன்னது? உங்கள் ஆசிரியர் சொல்லியிருக்க மாட்டார். சுவாமிகள் பெயரை அடிக்கடி சொன்னவர் அதைச் சொல்லியிருக்க முடியாது. அவரிடம் பாடம் கேட்ட நீங்கள் ஒரு கைப்பேசித் திரையில் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதலாமா? கோபமாகத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், மதுரையில் இருக்கிறீர்கள். வெவ்வேறு ஊர் நடிகர்களை ஒரு ராத்திரிக்கு மட்டும் சேர்த்து நடத்துகிற ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. கதாநாயகனாக வரும் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார், பபூன் என்கிற கோமாளியும் ஆர்மோனியக்காரரும் இன்னொரு ஊர். சில சமயம் அன்றைக்கு ராத்திரிதான் ஒருவரை ஒருவர் முதல் தடவை பார்ப்பார்கள். ஆனால் நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கினால் ஒரு பிசிறு இருக்காது. பாடம் ஒன்று, அதைக் கொடுத்த வாத்தியார் ஒருவர். அவர் போய் நூறு வருஷம் ஆகிவிட்டது.

கடைசிக் காலத்தில் அவருக்கு வாதம் வந்து பேச்சு போய்விட்டது. அப்போதும் நாடகக் கம்பெனியோடுதான் இருந்தார். தான் சொல்லிக்கொடுத்த வரிகளைப் பிள்ளைகள் சொல்லச் சொல்ல, திருத்தவும் வாய் வராமல் உட்கார்ந்திருந்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு எழுத ஓடவில்லை.

எங்கள் ஊரில் ஒரு கிழவர் இருந்தார். சின்ன வயதில் ஏதோ ஒரு பாய்ஸ் கம்பெனியில், அதாவது சிறுவர் நாடகக் குழுவில், பத்து வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். நாங்கள் நாலைந்து பையன்கள் மாரியம்மன் திருவிழாவுக்கு நாடகம் போட ஆசைப்பட்டு அவரிடம் போனோம். அவர் எங்களுக்கு நடிப்பே சொல்லித் தரவில்லை. சாயங்காலம் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போவார். தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர்கள் இருப்பார்கள். "அக்கரையில நிக்கிறவளுக்குச் சொல்லுடா, எனக்குச் சொல்லாத" என்பார். நான் கத்துவேன். தலையை ஆட்டுவார். மறுபடி கத்துவேன். தொண்டை கட்டி, வீட்டில் அம்மா மிளகுரசம் வைத்துக் கொடுத்து, மறுநாளும் போவேன். பதினேழு பதினெட்டு நாள் அப்படி. ஒரு நாள் களைத்துப்போய், கத்தத் தெம்பில்லாமல், வயிற்றை இறக்கி மெதுவாகத்தான் அந்த வரியைச் சொன்னேன். அக்கரையில் ஒரு கிழவி ஆட்டை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்து, அடுத்து என்ன என்பது போல நின்றாள். வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார்.

உங்கள் ஆசிரியரைப் பற்றி என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அவர் உங்களை எந்த வரியை எத்தனை தடவை சொல்ல வைத்தார் என்பதை முதலில் எழுதிப் பாருங்கள், எனக்கும் அனுப்புங்கள். பங்குனி, சித்திரையில் புதுக்கோட்டைப் பக்கம் எந்த ஊரிலாவது வள்ளி திருமணம் போடுவார்கள். விடிகிற வரை உட்காருங்கள், முன்வரிசையில் வேண்டாம். வழியில் சாப்பிட ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள், ராத்திரி இரண்டு மணிக்கு மேல் பசிக்கும்.

அன்புடன்.